மொட்டை மாடித் தோட்டம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

தாம்பரம் பக்கத்துல மாடம்பாக்கத்துல எங்க வீட்டு மொட்டை மாடில 11 வருஷமா செடி வெச்சிருக்கேன், இப்ப செடி வளக்கற பை (குரோ பேக்) 60 கிட்ட இருக்கும். கீழ் வீட்ல இருக்கறவங்க, பால் வாங்கப் போறப்ப பாக்கறவங்க, கல்யாண வீட்ல பக்கத்து சேர்ல உக்காந்தவங்கன்னு எல்லாரும் கேக்கறது ஏறக்குறைய அதே சந்தேகங்கதான். அதுலயும் பாதிக்கு மேல "அக்கா, இதுக்கு என்ன ஊத்தணும்?" அப்படிங்கறதுதான். பெரும்பாலும் எதையும் ஊத்தாம இருந்தாலே அந்தச் செடி பொழச்சிருக்கும், அதை நெனச்சா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டிருக்கேன். இது சென்னை, செங்கல்பட்டு மாதிரி சமவெளி வெயிலுக்கு எழுதினது, ஊட்டி கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு நிறைய மாறும்.

ஒண்ணுமே தெரியாதுக்கா, எதுல ஆரம்பிக்கறது?

கீரைல ஆரம்பிங்க. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எதுன்னாலும் 25, 30 நாள்ல பறிச்சு பொரியல் பண்ணிடலாம், முதல் தடவ கை வெக்கறவங்களுக்கு அந்த சந்தோஷம் ரொம்ப முக்கியம். 2 அடி அகலம் இருக்கற தாழ்வான பை போதும். விதை ரொம்பப் பொடியா இருக்கும், ஒரு கைப்பிடி மணலோட கலந்து தூவிட்டு மேல லேசா மண்ணு போட்டு, தண்ணிய தெளிக்கணும், குவளையால ஊத்தினா விதை எல்லாம் ஒரு ஓரமாப் போய்ச் சேந்துடும்.

கீரை முளைக்கலன்னு சொல்றவங்க வீட்ல பாதிக்குப் பாதி எறும்புதான் விதைய தூக்கிட்டுப் போயிருக்கும். பையைச் சுத்தி கொஞ்சம் ரவையோ அரிசி மாவோ போட்டு வைங்க, எறும்பு அதை எடுத்துட்டுப் போற நேரத்துல விதை முளை விட்டுடும். அடுத்து வெண்டை, கத்திரி, மிளகாய் வெக்கலாம். தக்காளிய முதல் செடியா வெக்காதீங்க, மொத்தமே 5 பைக்கு மேலயும் வேண்டாம்.

மாடி தாங்குமா? ஒழுகும்னு வீட்ல திட்றாங்க

திட்றதுல நியாயம் இருக்கு. 15க்கு 15 இன்ச் பைல 43 லிட்டர் மண்ணு பிடிக்கும், மழைல நனைஞ்சா ஒரு பை 40 கிலோவுக்கு மேல வரும். ஆள் நடமாடற மாடிய சாதாரணமா சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்குல கட்டறாங்க. அதனால நட்ட நடுவுல பையா அடுக்காம சுவரும் பீமும் போற ஓரத்துல வரிசையா வைங்க, பழைய வீடுன்னா ஒரு இஞ்சினியர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க.

ஒழுகறது செடியால இல்ல, தண்ணி தேங்கறதாலதான். பைக்கு அடில செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ வெச்சு தரைக்கும் பைக்கும் நடுவுல காத்து போற மாதிரி பண்ணுங்க. தண்ணி போற ஓட்டைய இலை அடைக்காம வாரம் ஒரு தடவ பாருங்க. அரசு, ஆலமரக் கன்னு ஓரத்துல முளைச்சா பாவம்னு விடாதீங்க, அன்னிக்கே பிடுங்கிடுங்க.

செம்மண்ணு மட்டும் போட்டா போதாதா? கோகோபீட்டுக்கு வேற காசா?

வெறும் செம்மண்ணு ரெண்டு மாசத்துல கல்லு மாதிரி இறுகிடும், வேர் போகாது, கனமும் அதிகம். நான் போடறது செம்மண்ணு ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு (கோகோபீட்டுன்னு கடைல கேளுங்க), மண்புழு உரமோ நல்லா மக்கின தொழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து தண்ணி தெளிச்சு 10 நாள் வெச்சிருந்து அப்புறம்தான் நடுவேன். பச்சைச் சாணிய அப்படியே போடக்கூடாது, அது மக்கறப்ப வர்ற சூட்டுல வேர் வெந்துடும்.

கோகோபீட் 5 கிலோ கட்டி ஊறினா 70 லிட்டர் கிட்ட வரும். அதுல உப்பு இருக்கும், ஊற வெச்சு பிழிஞ்சு ரெண்டு மூணு தடவ தண்ணிய மாத்திட்டுதான் போடணும். இதைப் பண்ணாம போட்டுட்டு நாத்து கருகிடுச்சு, விதை மோசம்னு கடைக்காரரோட சண்டை போட்டவங்கள எனக்குத் தெரியும்.

தினமும் தண்ணி ஊத்தணும்ல?

ஊத்தணுமா வேண்டாமான்னு மண்ணுதான் சொல்லும். ஆள்காட்டி விரலை ரெண்டு கணு உள்ள விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா ஊத்தாதீங்க, காஞ்சிருந்தா அடில வழியற வரைக்கும் ஊத்துங்க. அக்னி நட்சத்திரத்துல காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ வேணும், கார்த்திகைல மூணு நாளைக்கு ஒரு தடவ கூட வேண்டியிருக்காது. மதியம் வெயில்ல இலை தொங்கினா பயந்து ஓடி வந்து ஊத்தறாங்க. சாயங்காலம் 6 மணிக்குப் பாருங்க, தானா நிமிந்திருந்தா அது வெயிலுக்குத் தொங்கினது, தாகம் இல்ல.

தண்ணி ஜாஸ்தியானாலும் இலை மஞ்சளாகித் தொங்கும், கம்மியானாலும் தொங்கும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனாலதான் விரலை விடுங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சறேன். என் கண்ணு முன்னாடி செத்த செடிங்கள்ல காஞ்சு செத்ததை விட அழுகிச் செத்ததுதான் அதிகம்.

எங்க போர் தண்ணி உப்பு, பை ஓரத்துல வெள்ளையாப் படியுது. ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி ஊத்தலாமா?

வெள்ளையாப் படியறது உப்புதான். இலை நுனி கருகறதும் பல நேரம் அதனாலதான். மாசத்துக்கு ஒரு தடவ பையில இருக்கற மண்ணு அளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி வழிய விட்டா உப்பு கழுவிட்டுப் போயிடும். மழைத்தண்ணி இதுக்கு அமிர்தம். 2003லேயே தமிழ்நாட்ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, அந்தக் குழாய் உங்க வீட்லயும் இருக்கும், அதுல ஒரு 200 லிட்டர் டிரம்மு வெச்சு மூடி போட்டு வைங்க. ஆர்.ஓ. கழிவுத் தண்ணில அந்த உப்பு இன்னும் கூடுதலா இருக்கும், செடிக்கு வேண்டாம், மாடி கழுவ வெச்சுக்கோங்க.

எந்த மாசம் எதைப் போடறது? எப்ப போட்டாலும் முளைக்குதே

முளைக்கும், காய்க்காது. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது சும்மா இல்ல. ஜூலை நடுவுல ஆரம்பிச்சா மழைக்குள்ள செடி வேர் பிடிச்சுடும், கத்திரி, மிளகாய், தக்காளி, வெண்டை, பீர்க்கு, புடலை, அவரை எல்லாத்துக்கும் அதுதான் நேரம். முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர் மாதிரி குளுமை கேக்கறதை ஐப்பசி, கார்த்திகைல போட்டா மார்கழிக் குளிர்ல நல்லா வரும். தைப்பட்டத்துல திரும்ப வெண்டை, கொத்தவரை, சுரை, கீரை.

இதுல அவரைய தனியா சொல்லணும். கொடி அவரை பகல் பொழுது குறைஞ்சாதான் பூக்கும். மாசி பங்குனில விதைச்சுட்டு மே மாசம் வந்து "கொடி மாடியையே மூடிடுச்சு, ஒரு பூ இல்ல, என்ன ஊத்தணும்"னு கேக்கறாங்க. எதுவும் ஊத்த வேண்டாம், அது கார்த்திகைக்குக் காத்துட்டு இருக்கு. வெயில் காலத்துலயே அவரை வேணும்னா செடி அவரை விதை வாங்குங்க.

மல்லி தளதளன்னு இருக்கு, ஒரு மொட்டு கூட இல்லக்கா

குண்டுமல்லிதானே? அது புதுக் கிளை நுனிலதான் மொட்டு வெக்கும். பழைய கிளையவே பாத்து ஆசையா வளத்துட்டு இருந்தா இலைதான் வரும். நவம்பர் கடைசி வாரத்துல தரையிலேந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமா வெட்டிடுங்க, மிச்ச இலையையும் உருவிடுங்க. வெட்ட மனசு வராது, எனக்கும் முதல் வருஷம் வரல. ஆனா மதுரைப் பக்கம் தோட்டத்துல இப்படித்தான் பண்றாங்க, மாசிக்கப்புறம் கிளை கிளையா அடிச்சு ஆடி வரைக்கும் பூ எடுப்பாங்க. வெட்டின அப்புறம் ரெண்டு கைப்பிடி தொழு உரமும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் போதும்.

வெட்டியும் பூக்கலன்னா வெயில் பத்தல. ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும், பால்கனி நிழல்ல மல்லி பூக்காது. மொட்டு வந்து ஊதா நிறமா மாறி உதிர்ந்தா உள்ள மொட்டுப்புழு இருக்கு, அந்த மொட்டுங்களப் பொறுக்கி வெந்நீர்ல போட்டுடுங்க. சாதி மல்லிய நவம்பர்ல வெட்டாதீங்க, அதுக்கு வெட்டற காலம் வேற. கன்னு வாங்கறவங்க ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துலேந்து வந்த பதியனான்னு கேட்டுப் பாருங்க, அங்க பரம்பரையா மல்லிக் கன்னுதான் தொழில், கன்னு திடமா இருக்கும்.

நர்சரில பூவோட வாங்கின ரோஜா ஒரு மாசத்துல செத்துப் போச்சு, என் கை ராசி இல்லையா?

கை ராசி எல்லாம் இல்லவே இல்ல. வெளியூர்லேந்து வர்ற ரோஜாக்கு வேரைச் சுத்தி களிமண் உருண்டை பிடிச்சிருக்கும், வண்டில வர்றப்ப ஈரம் காயாம இருக்க அப்படிப் பண்றாங்க. அதை அப்படியே நம்ம கலவைல வெச்சா சுத்தி இருக்கற மண்ணு சீக்கிரம் காயும், உருண்டை மட்டும் காயாம இருந்து அழுகும், இல்ல ஒரேயடியா காஞ்சு கல்லாகி தண்ணியே குடிக்காது. வாங்கிட்டு வந்து ஒரு வாரம் அரை நிழல்ல அப்படியே வைங்க. அப்புறம் உருண்டைய ஒரு பக்கெட் தண்ணில அரை மணி நேரம் ஊற விட்டு வெளிப்பக்கக் களிமண்ண மட்டும் மெதுவா கரைச்சு விட்டு நடுங்க. வேர் அறுந்துடாம பாத்துக்கோங்க, முழுசா கரைக்க வேண்டாம். இருக்கற பூவையும் மொட்டையும் கிள்ளிடுங்க, மூணு வாரத்துக்கு எந்த உரமும் கிடையாது.

கொஞ்ச மாசம் கழிச்சு நீளமா ஒரு கிளை வேகமாப் போகும், பூவே வராது. ஒட்டு போட்ட முடிச்சுக்குக் கீழேந்து வந்திருக்கான்னு பாருங்க, அப்படின்னா அது காட்டு ரோஜாக் கிளை, அடியோட எடுத்துடணும், விட்டா மேல இருக்கற நல்ல செடிய பட்டினி போட்டுடும்.

செம்பருத்தில பஞ்சு பஞ்சா வெள்ளையா அப்பியிருக்கு, என்ன மருந்து அடிக்கறது?

மாவுப்பூச்சி. முதல்ல தண்ணிய வேகமாப் பீச்சி அடிங்க, பாதி போயிடும். ரொம்ப அப்பின நுனிய வெட்டி பிளாஸ்டிக் கவர்ல கட்டி எறிஞ்சுடுங்க. மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிய காதி சோப்புக் கரைசல்ல பால் மாதிரி ஆகற வரைக்கும் அடிச்சுக் கலக்கிட்டு ஒரு லிட்டர் தண்ணி சேத்து, சாயங்காலமா இலைக்கு அடிப்பக்கமும் படற மாதிரி தெளிங்க, 5 நாளைக்கு ஒரு தடவன்னு மூணு தடவ. வெயில்ல அடிச்சா இலை கருகும். எறும்பு ஏறுதான்னும் பாருங்க, மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதைக் காவல் காத்துக் கிளைக்குக் கிளை கொண்டு போய் விடும்.

கடுமையான மருந்து வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2008ல கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு வெளிநாட்லேந்து வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தின்னு எதையும் விடல. என்ன மருந்து அடிச்சும் அடங்கல. 2010ல போர்ட்டோரிக்கோலேந்து ஒரு குட்டிக் குளவிய வரவழைச்சு விட்டாங்க, அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை போட்டு அழிக்கற குளவி, கண்ணுக்கே சரியா தெரியாது. அந்தக் குளவிதான் அடக்கிச்சு. கடுமையான மருந்து அடிச்சா முதல்ல சாகறது இந்த மாதிரி நமக்கு வேலை செய்யறதுங்கதான்.

மிளகாய் இலை சுருண்டு போச்சு, வேப்பெண்ணெய் அடிச்சும் சரியாகல

எந்தப் பக்கம் சுருண்டிருக்கு? இதை யாரும் பாக்கறதே இல்ல. இலை ஓரம் மேல் பக்கமா படகு மாதிரி மடிஞ்சிருந்தா இலைப்பேன். கீழ்ப் பக்கமா கவிழ்ந்து காம்பு நீண்டு எலி வால் மாதிரி இருந்தா சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு மேல சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசல் கேக்கும், நீல நிற ஒட்டு அட்டையும் தொங்க விடலாம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 3 கிராம், அதுவும் வெயில் தாழ்ந்த அப்புறம். வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிக்காதீங்க, இலை வெந்துடும்.

இலை சின்னதாகி, மஞ்சளும் பச்சையுமா, செடியே குட்டையா நின்னுட்டா அது வைரஸ், அதுக்கு மருந்தே கிடையாது. வெண்டைல நரம்பெல்லாம் மஞ்சளாகறதும் அதே கதைதான். வெள்ளை ஈ ஒரு செடிலேந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போகும், பிடுங்கி எடுத்துடுங்க. இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்னு விட்டு நான் ஒரு வருஷம் 8 வெண்டைச் செடியையும் இழந்திருக்கேன்.

தக்காளில பூ கொட்டுது, தப்பிச்சு வந்த காயும் அடில கறுத்துப் போகுது. கால்சியம் ஊத்தணுமா?

ரெண்டு தனித்தனி விஷயம். பகல்ல 35 டிகிரிக்கு மேல போய் ராத்திரியும் புழுக்கமா இருந்தா மகரந்தம் வேலை செய்யாது, பூ கொட்டும். ஏப்ரல், மே மாசத்துல சென்னைல இது இயல்பு, பச்சை வலை கட்டி மதிய வெயிலை மறைச்சா கொஞ்சம் பரவால்ல. காலைல பூங்கொத்துத் தண்ட விரலால லேசா சுண்டி விட்டா மகரந்தம் உதிர்ந்து கூடுதலா காய் பிடிக்கும்.

அடி கறுக்கறது காய்க்கு கால்சியம் போய்ச் சேராததால. மண்ணுல இருந்தாலும் தண்ணியோடதான் அது மேல ஏறணும், நீங்க ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தினா ஏறாது. தண்ணி சீரா குடுங்க, மண்ணு மேல காஞ்ச இலை பரப்பி மூடாக்கு போடுங்க. முட்டை ஓட்டுத் தூள் போட்டா அது கரைய பல மாசம் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது.

சுரைக்கா, பீர்க்கங்கா பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி வெம்பி விழுது

மகரந்தச் சேர்க்கை ஆகல. முதல் ரெண்டு வாரம் ஆண் பூ மட்டும்தான் வரும், அது உதிர்ந்தா கவலை வேண்டாம். பெண் பூவுக்குக் கீழ குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டு நடுவுல இருக்கற மகரந்தத்தை பெண் பூ நடுவுல மெதுவா தடவணும். நேரம்தான் முக்கியம். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும், 6, 7 மணிக்குப் போங்க. பூசணி, பாகல் காலைல விரியும், பூசணிக்கு 8 மணிக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

இதோட ஒரு எச்சரிக்கை. வீட்ல விளைஞ்ச சுரைக்காய நறுக்கறப்ப ஒரு துளி நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு முழுசா குப்பைல போட்டுடுங்க, ஆசையா வளத்ததேன்னு வேக வெச்சு சாப்பிடாதீங்க, ஜூஸ் போடவே போடாதீங்க. அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின்ங்கற நஞ்சு, சமைச்சாலும் போகாது, வாந்தி பேதில ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தாப் போகும்.

அரிசி களைஞ்ச தண்ணி, டீத்தூள், வெங்காயத் தோல் எல்லாம் நேரா போடலாமா?

அரிசி களைஞ்ச தண்ணி அன்னன்னிக்கே ஊத்தலாம். மத்ததெல்லாம் மக்க வெச்சுப் போடுங்க. ஓட்டை போட்ட ஒரு பழைய பெயிண்ட் டப்பால சமையல்கட்டுக் கழிவு ஒரு பங்குக்கு காஞ்ச இலையோ தேங்கா நாரோ ரெண்டு பங்குன்னு மாத்தி மாத்திப் போட்டு கொஞ்சம் புளிச்ச மோர் தெளிச்சா ரெண்டு மூணு மாசத்துல உரம். நாத்தம் வந்தா ஈரம் அதிகம், காஞ்ச இலை சேருங்க. சாம்பல் நிறத்துல குண்டுப் புழு நெளிஞ்சா அது கறுப்புப் படைவீரன் ஈயோட புழு, கழிவைத் தின்னு மக்க வெக்கும், விட்டுடுங்க.

பஞ்சகவ்யா கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் காய்க்கும்ல?

கொடுமுடி டாக்டர் நடராஜன் இதை ஊரெல்லாம் பரப்பினவர், அதோட அளவு 3 சதவீதம், லிட்டருக்கு 30 மில்லி. அதுக்கு மேல போனா இலை கருகும். மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோட ஊற வெச்சு எடுக்கறது) இன்னும் கம்மி, லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல வேண்டாம். 15 நாளைக்கு ஒரு தடவ, ஏதாவது ஒண்ணு மட்டும். அதுவும் செடி ஆரோக்கியமா இருந்தாதான். வேர் அழுகின செடிக்கு உரம் குடுக்கறது ஜுரத்துல படுத்தவங்களுக்கு பிரியாணி ஊட்டற மாதிரி.

கறிவேப்பில வெச்சு ரெண்டு வருஷமாச்சு, ஒரே குச்சியா நிக்குது

இலை இலையா பறிக்கறதால. கிளையோட நுனிய ஒடிச்சுப் பறிங்க, ஒடிச்ச எடத்துல ரெண்டு கிளை வரும். புளிச்ச மோர் மாசம் ரெண்டு தடவ, பை குறைஞ்சது 18 இன்ச். கார்த்திகை, மார்கழில வளராது, குளிருக்கு அது தூங்கும், அப்ப உரம் வேண்டாம்.

வீட்டுக்குள்ள மணி பிளான்ட்டும் பாம்புக் கற்றாழையும் வெச்சா காத்து சுத்தமாகுமாமே, நாசாவே சொல்லியிருக்காம்?

1989ல நாசா செஞ்ச ஆய்வு உண்மைதான், ஆனா அது காத்துப் புகாத சின்னப் பெட்டிக்குள்ள பண்ணினது. 2019ல இந்த மாதிரி ஆய்வை எல்லாம் சேத்து அலசினப்ப, ஜன்னல் திறந்தா வர்ற பலனை செடியால கொண்டு வர சதுர மீட்டருக்கு 10லேந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு கணக்கு வந்துச்சு. அதனால காத்துக்கு ஜன்னலைத் திறங்க, கண்ணுக்குப் பச்சையா இருக்கட்டும்னு செடிய வைங்க, அது போதுமான காரணம்தான்.

பாம்புக் கற்றாழைக்கு 15 நாளைக்கு ஒரு தடவ தண்ணி போதும். விரலை விட்டுப் பாக்கறது இங்கயும் அதேதான், ஆனா அடி வரைக்கும் காய விடணும். மணி பிளான்ட்ட பாட்டில் தண்ணில வெச்சிருந்தா வாரா வாரம் தண்ணிய மாத்தி பாட்டில் உள் பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க, டெங்கு கொசு அதுல சுகமா முட்டை போடும். தவழற குழந்தை இருக்கற வீட்ல மணி பிளான்ட், டைஃபன்பேகியா ரெண்டையும் எட்டாத உயரத்துல வைங்க. இலைய கடிச்சா உள்ள இருக்கற ஊசி மாதிரியான படிகம் வாயில குத்தி எரிஞ்சு வீங்கிடும்.

புயல்னு சொல்றாங்க, மாடில இருக்கறதை என்ன பண்றது?

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னிக்கு ஸ்டாண்டோட பை எல்லாம் பறந்ததைப் பாத்தவ நான். உயரத்துல இருக்கற எல்லாத்தையும் தரைக்கு இறக்கி, கைப்பிடிச் சுவர் ஓரமா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சு கயிறு போட்டுக் கட்டுங்க. பச்சை வலையை அவுத்துடுங்க, அது பாய்மரம் மாதிரி காத்தைப் பிடிச்சு கம்பியோட பிடுங்கும். மழைக்கு முன்னாடி உரம் போடாதீங்க, கரைஞ்சு போயிடும். மழை விட்டதும் பையைச் சாய்ச்சு தண்ணிய வடிச்சு, மண்ணு கொஞ்சம் காஞ்சதும் சூடோமோனாஸ் (வேரழுகலைத் தடுக்கற நல்ல பாக்டீரியாப் பொடி) லிட்டருக்கு 10 கிராம் கரைச்சு வேர்ல ஊத்துங்க. வேருக்கு மருந்துன்னு எதையாவது ஊத்தச் சொல்றேன்னா இந்த ஒரு நேரத்துக்குத்தான், வேரழுகல் வர்றது மழைக்கு அடுத்த வாரம்தான்.

நம்ம செடிலேந்தே விதை எடுத்து வெச்சா அடுத்த வருஷம் அதே மாதிரி வருமா?

நாட்டு விதைன்னா பெரும்பாலும் வரும், பாக்கெட்ல எஃப்1 ஹைபிரிட்னு (ரெண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கின விதை) போட்டிருந்தா வராது. தக்காளி, அவரை எல்லாம் பெரும்பாலும் தன் பூவுலயே சேர்க்கை ஆயிடும், அதனால எளிது. கத்திரிலயும் வெண்டைலயும் தேனீ கொஞ்சம் கலக்கும். நல்ல செடில ரெண்டாவது மூணாவது காயைப் பறிக்காம முத்த விட்டு, நிழல்ல காய வெச்சு, சாம்பல் கலந்து மூடி இறுக்கமா இருக்கற டப்பால போட்டு மாசமும் பேரும் எழுதி ஒட்டுங்க.

கொடிக் காய்லதான் கஷ்டம். பக்கத்துலயே வேற சுரை ரகமோ காட்டுச் சுரையோ இருந்தா தேனீ கலந்து விட்டுடும், காயைப் பாத்தா தெரியாது, அடுத்த வருஷம் வர்ற செடிலதான் தெரியும். அதனால விதைக்கு விடற பெண் பூவை விரியறதுக்கு முன்னாடியே மெல்லிசு துணில கட்டி, மேல சொன்ன மாதிரி சாயங்காலம் கையால மகரந்தம் தடவி, திரும்பக் கட்டி, காம்புல ஒரு நூல் அடையாளம் போடுங்க. கசப்பு சுரை காய்ச்ச கொடிய வேரோட பிடுங்கிடுங்க. அதோட விதைய எடுத்து வெக்காதீங்க, யார் கேட்டாலும் குடுக்காதீங்க.